வயது கூடும்போது எலும்பைக் காப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எலும்பு பலவீனமாகிவிட்டது என்ற பேச்சு எழுந்தால் நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை வாங்கப்படுகிறது. அசைவம் உண்ணும் வீடுகளில் ஆட்டுக்கால் சூப் வைக்கப்படுகிறது. மாத்திரைக்கு ஒரு சிறிய பங்கு உண்டு. சூப்புக்கு அதுவும் இல்லை. எலும்பை எத்தனை மணி நேரம் கொதிக்க வைத்தாலும் அதிலுள்ள கால்சியத்தில் மிகச் சொற்பமே நீரில் இறங்குகிறது. முதுமையில் எலும்பு முறியுமா, முறியாதா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை தசையின் வலிமை, கீழே விழாமல் இருத்தல், வேறு நோய்களுக்காக எடுத்துக்கொள்ளும் மருந்துகள், முதல் முறிவு நேர்ந்தவுடன் சிகிச்சை தொடங்கப்பட்டதா என்பது ஆகியவையே. 45 வயதைக் கடந்த ஒருவரோ, வீட்டில் முதியவரைக் கவனித்துக்கொள்ளும் ஒருவரோ எங்கே தொடங்கி எந்த வரிசையில் செல்ல வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எலும்புக்குள் நடப்பது

ஓட்டு வீட்டில் பழுதான ஓடுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வேய்வதைப் போல, நம் உடல் பழைய எலும்பை ஒருவகைச் செல்களால் அரித்தெடுத்து, அவ்விடத்தில் வேறொரு வகைச் செல்களால் புதிய எலும்பை வாழ்நாள் முழுவதும் கட்டிக்கொண்டே இருக்கிறது. ஏறத்தாழ 30 வயது வரை கட்டும் வேலை முந்துகிறது. பின்னர் சில ஆண்டுகள் இரண்டும் சமமாக நடந்து, அதற்குப் பிறகு அரிப்பு மெல்ல முந்தத் தொடங்குகிறது. பெண்களின் உடலில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இந்த அரிப்பைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும், அடுத்த ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் எலும்பு அடர்த்தியில் 20 விழுக்காடு வரை குறையக்கூடும். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நிற்கும் மாதவிடாய், இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுவதால், இந்த இழப்பும் நம்மிடையே முன்னதாகவே தொடங்குகிறது. ஆண்களுக்கு இழப்பு மெதுவாக நடக்கிறது, ஆனால் அவர்களும் விலக்கானவர்கள் அல்லர். 70 வயதைத் தாண்டிய ஆண்களின் எலும்பு முறிவுகளைக் குடும்பங்கள் எதிர்பார்ப்பதே இல்லை என்பதால் அவை கூடுதல் கேடு செய்கின்றன.

எலும்பின் அடர்த்தி குறைந்து அது எளிதில் முறியும் நிலையே எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்). அது வலிக்காது. இதைப் புதிதாகத் தெரிந்துகொள்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். முழங்கால் வலி மூட்டுக் குருத்தெலும்பின் தேய்மானத்தால் வருவது. அது வேறு நோய், அதற்கான மருத்துவமும் வேறு. முழங்கால் வலிப்பதால் எலும்புப்புரை இருக்கிறது என்றோ, எங்கும் வலிக்கவில்லை என்பதால் எலும்பு உறுதியாக இருக்கிறது என்றோ கொள்ள முடியாது. மணிக்கட்டு, முதுகெலும்பு, தொடை எலும்பின் மேற்பகுதி (இடுப்பு முறிவு என்பது இதுவே) ஆகிய இடங்களில் முறிவு ஏற்படும்போதுதான் இந்நோய் வெளியே தெரிகிறது. அதிலும் முதுகெலும்பு முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவரின் கவனத்துக்கே வருவதில்லை. வாளியைத் தூக்கும்போது முதுகில் பிடித்துக்கொண்டதை வாயுப் பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு, பின்னர் கூன் விழுவதை வயதின் இயல்பு என்று ஏற்றுக்கொள்பவர்கள் ஏராளம்.

முதல் படி: உங்கள் நிலையை அறிதல்

ஒரு தாளில் சில கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். 50 வயதுக்குப் பின், நின்ற நிலையிலிருந்து விழுந்தது போன்ற சிறிய விபத்தில் எலும்பு முறிந்ததுண்டா? பெற்றோரில் யாருக்காவது இடுப்பு எலும்பு முறிந்ததா? மாதவிடாய் 45 வயதுக்கு முன்பே நின்றதா, அல்லது கருப்பை அறுவையின்போது சினைப்பைகளும் அகற்றப்பட்டனவா? இக்கடைசிக் கேள்விக்குப் பலருக்கு விடை தெரிவதில்லை. பழைய மருத்துவமனைச் சுருக்கத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது. உடல் எடை உயரத்துக்குத் தேவையானதைவிடக் குறைவா? புகை, மது உண்டா? முடக்குவாதம், தைராய்டு மிகைச் சுரப்பு, சர்க்கரை நோய், நாள்பட்ட சிறுநீரக நோய், குடல் உறிஞ்சும் திறனைக் கெடுக்கும் நோய்கள் ஆகியவற்றில் ஏதேனும் இருக்கிறதா?

அடுத்து, மருந்துகளைப் பட்டியலிடுங்கள். ப்ரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளை மூன்று மாதத்துக்கு மேல் உட்கொள்வது எலும்பை மிக வேகமாக மெலியச் செய்கிறது. வலிப்புக்கான ஃபெனிடாய்ன், ஃபீனோபார்பிடோன், மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு தரப்படும் லெட்ரசோல், அளவு மிகுந்துபோன தைராய்டு மாத்திரை, வயிற்று அமிலத்தைக் குறைக்க ஆண்டுக்கணக்கில் வெறும் வயிற்றில் போடும் பான்டோப்ரசோல் ஆகியவையும் கவனிக்கத்தக்கவை. எதையும் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். பட்டியலை மருத்துவரிடம் காட்டுவதுதான் நோக்கம். மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் பெயரில்லாத பொட்டலங்களில் விற்கப்படும் பொடிகளையும் பட்டியலில் சேருங்கள். அத்தகைய பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது.

கடைசியாக உயரம். சுவரோடு குதிகாலும் பின்தலையும் படும்படி வெறுங்காலுடன் நின்று அளந்து, இளமையில் இருந்த உயரத்தோடு ஒப்பிடுங்கள். அரசுப் பணியில் இருந்தவர்களுக்குப் பணிப்பதிவேட்டில் அந்த உயரம் எழுதப்பட்டிருக்கும். 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், வலி இல்லையென்றாலும் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது அவசியம்.

இந்த விடைகளைக் கொண்டு அடுத்த பத்து ஆண்டுகளில் முறிவு நேரும் வாய்ப்பைக் கணக்கிட, இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட ஃப்ராக்ஸ் என்ற இலவச இணையக் கணிப்பான் உள்ளது. 40 முதல் 90 வயது வரையிலானவர்களுக்கு அது பொருந்தும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தனித்தனிப் பதிப்புகள் அதில் இருக்கின்றன.

இரண்டாம் படி: எலும்பு அடர்த்திப் பரிசோதனை

குடியிருப்புகளிலும் கல்யாண மண்டபங்களிலும் நடத்தப்படும் இலவச முகாம்களில் குதிகாலை ஒரு சிறு கருவிக்குள் வைத்து அளந்து சீட்டு எழுதித் தருகிறார்கள். அது அல்ட்ராசவுண்ட் முறையிலான முதற்கட்டச் சோதனை மட்டுமே. அந்தச் சீட்டை வைத்து மருந்து தொடங்கவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. நோயை உறுதிசெய்வது எக்ஸ்ரே கதிரால் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஆகும். உடையோடு படுத்த நிலையில் கீழ்முதுகையும் இடுப்பையும் பத்துப் பதினைந்து நிமிடங்களில் அளந்துவிடுகிறார்கள். கதிர்வீச்சின் அளவு மிகக் குறைவு. முந்தைய 24 மணி நேரத்தில் கால்சியம் மாத்திரை போடாமலும், உலோகக் கொக்கிகள் இல்லாத உடையிலும் செல்ல வேண்டும்.

அறிக்கையில் டி-ஸ்கோர் என்ற எண் இருக்கும். இளம் வயதினரின் சராசரி அடர்த்தியிலிருந்து உங்கள் அடர்த்தி எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி −1க்கு மேல் இருந்தால் இயல்பு, −1க்கும் −2.5க்கும் இடைப்பட்டால் அடர்த்திக் குறைவு, −2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கும் இந்த எண் பொருந்தாது. அவர்களுக்கு அதே வயதினரோடு ஒப்பிடும் இஸட்-ஸ்கோரைப் பார்க்க வேண்டும். முதியவர்களின் கீழ்முதுகில் தேய்மானத்தால் வளர்ந்த எலும்பு முட்கள் அடர்த்தியைப் பொய்யாக உயர்த்திக் காட்டுவதால், முதுகின் எண் நன்றாக இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் இடுப்பின் எண்ணைப் பாருங்கள். மறுபரிசோதனை தேவைப்பட்டால் ஓரிரு ஆண்டுகள் கழித்து, கூடுமானவரை அதே இயந்திரத்தில் எடுப்பதே சரி.

65 வயதைக் கடந்த பெண்களும் 70 வயதைக் கடந்த ஆண்களும் ஒருமுறையேனும் இதைச் செய்துகொள்வது பொதுவாக ஏற்கப்பட்ட பரிந்துரை. முதல் படியில் ஒரு கேள்விக்காவது ஆம் என்று விடை எழுதியவர்கள் அந்த வயது வரை காத்திராமல் மருத்துவரிடம் இப்போதே கேட்கலாம்.

மூன்றாம் படி: உணவைக் கணக்கிடுதல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கால்சியமும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராமும் தேவை. இதை உணவிலேயே பெற முடியுமா என்று கேட்டால், பெருமளவு முடியும் என்பதே என் விடை. ஆனால் அரிசியையும் ரசத்தையும் மட்டும் நம்பினால் முடியாது. பசும்பால் 100 மில்லிலிட்டரில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் இருக்கிறது. கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல். காபிக்கும் தேநீருக்குமாக 200 மில்லிலிட்டர் பால், ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், 60 கிராம் மாவில் சுட்ட கேழ்வரகு அடை, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரைப் பொரியல், பருப்பு, இரண்டு சிட்டிகை எள்ளுப்பொடி என்று ஒருவர் ஒரு நாளை அமைத்துக்கொண்டால் 900 மில்லிகிராமை ஒட்டி வந்துவிடுகிறது. தண்ணீராகப் பெருக்கிய மோர் இந்தக் கணக்கில் அதிகம் உதவாது. அதில் தயிர் எவ்வளவோ அவ்வளவுதான் கால்சியமும். நெத்திலி போன்று முள்ளோடு மென்று உண்ணும் சிறு மீன்கள் மிக நல்லவை. அவற்றையே கருவாடாக உண்ணும்போது உப்பும் சேர்ந்துகொள்கிறது. மிகுந்த உப்பு சிறுநீர் வழியே கால்சியத்தை வெளியேற்றுகிறது. ஊறுகாய், அப்பளம், வற்றல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

உணவில் உள்ளதெல்லாம் உடலில் சேர்வதில்லை. பாலிலுள்ள கால்சியத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு உறிஞ்சப்படுகிறது. பாலக்கீரையில் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஆக்ஸலேட் என்ற பொருள் மிகுந்திருப்பதால் அதில் 5 விழுக்காடு அளவே கிடைக்கிறது. கேழ்வரகிலும் எள்ளிலும் இத்தகைய பொருட்கள் உண்டு. கேழ்வரகை முளைகட்டி அரைப்பதும், கூழுக்காக இரவு முழுதும் புளிக்க வைப்பதும் அப்பொருட்களைக் குறைக்கின்றன. நம் முன்னோர் கூழைப் புளிக்க வைத்தது சுவைக்காகத்தான் என்றாலும் பயன் இதிலும் கிடைத்திருக்கிறது. பிரண்டைத் துவையல் நல்ல உணவு, தாராளமாக உண்ணலாம். முறிவைத் தடுக்கும் மருந்துக்கு மாற்றாக அதைக் கொள்வதற்குப் போதிய சான்று இல்லை.

சிறுநீரகக் கல் வந்தவர்கள் பாலையும் தயிரையும் அறவே விட்டுவிடுவது நம்மிடையே பரவலான பழக்கம். அது தவறானது. உணவுக் கால்சியம், கல்லாகச் சேரக்கூடிய ஆக்ஸலேட்டோடு குடலிலேயே இணைந்து வெளியேறுவதால், போதிய அளவு உண்பவர்களுக்குக் கல் வரும் வாய்ப்பு குறைகிறதே தவிரக் கூடுவதில்லை.

கால்சியத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் புரதத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. எலும்பின் கன அளவில் ஏறக்குறையப் பாதி புரதமே. எலும்பைத் தாங்கும் தசையும் புரதமே. இரவில் இரண்டு இட்லி, காலையில் கஞ்சி என்று சுருங்கிவிட்ட முதியவரின் தட்டில் அது மிகக் குறைவாக இருக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராம் என்பது எளிய அளவு. ஒரு முட்டையில் 6 கிராம், சமைக்காத 30 கிராம் பருப்பில் 6 முதல் 7 கிராம், 100 கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் வரை கிடைக்கும். மாலையில் சுண்டல், காலையில் முட்டை அல்லது பச்சைப்பயறு தோசை என்று ஒவ்வொரு வேளையிலும் சிறிது சேர்ப்பது நல்லது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

உணவில் எட்டாத மீதத்துக்குத்தான் மாத்திரை. அட்டையில் கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராமே. ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் உடல் சரியாக உறிஞ்சுவதில்லை என்பதால் இரண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடுவதில் பயனில்லை. கார்பனேட் வகையை உணவோடு உட்கொள்ள வேண்டும்; சிட்ரேட் வகையை எப்போது வேண்டுமானாலும் உட்கொள்ளலாம். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. இரும்புச்சத்து மாத்திரையோடும் இதைச் சேர்க்கக் கூடாது.

நான்காம் படி: வெயிலும் வைட்டமின் டியும்

ஆண்டு முழுதும் வெயில் அடிக்கும் நாட்டில் வைட்டமின் டி குறைபாடு பரவலாக இருப்பதற்கு நாம் வெயிலைத் தவிர்ப்பதே பெரும் காரணம். காலை ஆறு, ஏழு மணி இளவெயிலில் நின்றால் போதும் என்ற நம்பிக்கை இனிமையானது. ஆனால் வைட்டமின் டியை உண்டாக்கும் புற ஊதாக் கதிர் அந்நேரத்தில் மிகச் சிறிதளவே தரையை எட்டுகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குறுகியிருக்கும் நேரமே பயன்தரும் நேரம்; நம் ஊர்களில் அது பெரும்பாலும் காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் இடையில் வருகிறது. முகமும் கைகளும் படும்படி 15 முதல் 30 நிமிடங்கள், வாரத்தில் சில நாட்கள் போதும். கருநிறத் தோலுக்குச் சற்றுக் கூடுதல் நேரம் வேண்டும். சன்னல் கண்ணாடி வழியே விழும் வெயிலில் இக்கதிர் இருக்காது. கோடை நண்பகலில் முதியவர்களை வெயிலில் நிறுத்த வேண்டாம்; காலை 10 மணியை ஒட்டிய நேரம் அவர்களுக்குப் போதும்.

வெளியே வர இயலாதவர்களுக்கும் எலும்புப்புரை உறுதியானவர்களுக்கும் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று கொள்வார்கள். வாரம் ஒன்றாக எட்டு வாரங்களுக்கு எழுதித் தரும் 60,000 யூனிட் மாத்திரையை, சீட்டு முடிந்த பின்னும் மாதக்கணக்கில் தாமாகவே வாங்கிப் போடுவோர் உண்டு. இந்த வைட்டமின் உடலில் தேங்கக்கூடியது. மிகுந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும்.

ஐந்தாம் படி: எலும்புக்குச் சுமை கொடுத்தல்

எலும்பு தன்மீது விழும் விசையை உணர்ந்து அதற்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது. விசை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விண்வெளி வீரர்களே சான்று: எடையற்ற நிலையில் அவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 விழுக்காடு அல்லது அதற்கும் மேலாக அடர்த்தியை இழக்கிறது. ஆகவே நீச்சலும் மிதிவண்டியும் இதயத்துக்கு நல்லவையாக இருந்தாலும் எலும்புக்கு அவ்வளவாக உதவுவதில்லை. நடைப்பயிற்சி அவசியம்தான், ஆனால் நடை மட்டும் அடர்த்தியை உயர்த்தாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் காலையில் கடற்கரையிலோ பூங்காவிலோ நடந்துவிட்டு வந்தால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம்.

முதலில் ஒரு சோதனை. கை பிடியில்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். 15 விநாடிகளுக்கு மேல் ஆனால் தொடைத் தசை பலவீனமாக இருக்கிறது என்று பொருள். உங்கள் பயிற்சி அந்த நாற்காலியிலேயே தொடங்க வேண்டும். பத்து முறை எழுந்து அமர்தல், சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுதல், படியேறுதல் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் செய்யுங்கள். எளிதாகிவிட்டால் அதே பயிற்சியை எண்ணிக்கையில் கூட்டிக்கொண்டே போகாமல், கையில் எடையைச் சேருங்கள். ஒரு கிலோ அரிசிப் பொட்டலங்களைத் துணிப்பையில் போட்டுத் தூக்கினாலும் அது எடைப்பயிற்சியே. ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வாரம் இருமுறை, அரை மணி நேரம், எட்டு மாதங்கள் கனமான எடை தூக்க வைத்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2018இல் வெளியாயின. முதுகெலும்பின் அடர்த்தி அவர்களிடம் கூடியிருந்தது. அது பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில் நடந்தது என்பதை மறக்க வேண்டாம். வயதானவர்கள் எடை தூக்கக் கூடாது என்ற பொதுவான அச்சம் ஆதாரமற்றது. முறையறியாமல் தூக்குவதற்குத்தான் அஞ்ச வேண்டும்.

சமநிலைப் பயிற்சி தனியாக வேண்டும். சுவரருகே ஒற்றைக் காலில் நிற்றல், ஒரு பாதத்தின் குதிகாலை மறுபாதத்தின் விரல்நுனியில் ஒட்டவைத்து நேர்க்கோட்டில் நடத்தல் ஆகியவற்றைப் பல் துலக்கும் நேரம்போல் அன்றாடமாக்கிக்கொள்ளலாம்.

யோகாசனம் செய்வோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எலும்புப்புரை உறுதியானவர்களுக்கு முதுகை முன்புறம் வளைக்கும் ஆசனங்கள் முள்ளெலும்பின் முன்பகுதியை நசுக்கக்கூடும். பச்சிமோத்தானாசனம், பாதஹஸ்தாசனம், ஹலாசனம் ஆகியவற்றை அவர்கள் விட்டுவிட வேண்டும். விருட்சாசனத்தைச் சுவரருகே செய்யலாம், புஜங்காசனத்தை மென்மையாகச் செய்யலாம். இதே விதி வீட்டு வேலைக்கும் பொருந்துகிறது. குட்டை விளக்குமாற்றால் குனிந்து பெருக்குவதற்குப் பதில் நீண்ட கைப்பிடியுள்ளதைப் பயன்படுத்துங்கள். தண்ணீர்க் குடத்தையும் பேரக்குழந்தையையும் இடுப்பை வளைத்துத் தூக்காமல், முழங்காலை மடக்கி அருகே அணைத்து எழுந்து தூக்குங்கள். எரிவாயு உருளையை நகர்த்துவது இனி வேறொருவரின் வேலை. கோலம் போடுவதை விட மனமில்லாதவர்கள் சிறு முக்காலியில் அமர்ந்து போடலாம்.

ஆறாம் படி: வீட்டைச் சுற்றிப் பார்த்தல்

இடுப்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை கீழே விழுவதால் ஏற்படுபவை. அந்த விழுதலும் பெரும்பாலும் சொந்த வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. எனவே ஒரு விடுமுறை நாளில் வீட்டில் இருப்பவர்களில் இளையவர் ஒருவர், முதியவர் இரவில் கட்டிலிலிருந்து கழிவறைக்குச் செல்லும் வழியை விளக்கணைத்த நிலையில் நடந்து பார்க்க வேண்டும். காலை இடறும் கால்மிதி, தொலைக்காட்சியின் கம்பி, உயர்ந்த நிலைப்படி, வழியில் வைத்த முக்காலி என்று அகற்ற வேண்டியவை தாமே தெரிந்துவிடும். அந்த வழியில் இரவு விளக்கு ஒன்று எரிய வேண்டும். குளியலறையில் வழுக்காத தரைவிரிப்பும், சுவரில் திருகிப் பொருத்திய கைப்பிடிக் கம்பியும் வேண்டும். துணி காயப்போடும் கம்பி ஒருவரின் எடையைத் தாங்காது. எண்ணெய்க் குளியலுக்குப் பின் தரையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் அடுத்தவர் நுழையக் கூடாது. கொல்லையில் துவைகல்லைச் சுற்றிப் படியும் பாசியைச் சுரண்டிவிடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பைத் தூக்கியெறியுங்கள். புடவையும் வேட்டியும் தரையில் புரளாத உயரத்தில் இருக்கட்டும்.

உடலுக்குள்ளும் விழுதலுக்கான காரணங்கள் இருக்கின்றன. கண்புரையை முற்றும் வரை தள்ளிப்போட வேண்டாம். தூக்க மாத்திரை, சில இரத்த அழுத்த மாத்திரைகள், சர்க்கரை தாழ்தல் ஆகியவை எழுந்தவுடன் தலைசுற்ற வைக்கும். அப்படிச் சுற்றினால் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். ஊன்றுகோலைப் பிடிப்பது மானக்கேடு என்று எண்ணும் அப்பாக்களும் தாத்தாக்களும் உண்டு. அவர்களோடு வாதிடுவதைவிட, நடைப்பயிற்சிக்கு நாய்களை விரட்ட என்று சொல்லிக் கையில் கொடுத்துவிடுவது எளிது.

ஏழாம் படி: மருந்து, அதிலும் குறிப்பாக முதல் முறிவுக்குப் பின்

சிறிய விழுதலில் இடுப்பெலும்போ முதுகெலும்போ முறிந்தவருக்கு, டி-ஸ்கோர் எதுவாக இருந்தாலும் எலும்புப்புரை மருந்து தேவைப்படும். டி-ஸ்கோர் −2.5 அல்லது அதற்குக் கீழ் இருப்பவர்களுக்கும், அதற்கு மேல் இருந்தாலும் ஃப்ராக்ஸ் கணக்கில் அபாயம் மிகுந்தவர்களுக்கும் அவ்வாறே. மருந்துக்கு முன் இரத்தத்தில் கால்சியம், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வேறு நோய் மறைந்திருக்கிறதா என்று அறிவதும் அதன் நோக்கம்.

அதிகம் எழுதித் தரப்படுவது வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரனேட் 70 மில்லிகிராம். காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழுக் குவளைப் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அடுத்த அரை மணி நேரம் படுக்காமலும் காபி உட்பட எதையும் அருந்தாமலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும், மருந்தும் உடலில் சேராது. இது இயலாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரத்த நாளம் வழியே ஏற்றும் சோலிட்ரானிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தின் செயல்பாட்டைப் பார்த்த பின்பே அதை ஏற்றுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசியைத் தொடங்குபவர் அடுத்த தேதியை நாட்காட்டியில் பெரிதாக எழுதிவைக்க வேண்டும். அதைத் தவறவிட்டாலோ, மாற்று மருந்தின்றி நிறுத்தினாலோ, முதுகெலும்பில் ஒரே சமயத்தில் பல முறிவுகள் ஏற்படலாம். நிலைமை மோசமாக இருப்பவர்களுக்கு நாள்தோறும் போடும் டெரிபாரடைட் ஊசி உண்டு.

இம்மருந்துகளால் தாடையெலும்பு பாதிக்கப்படும், தொடையெலும்பு வழக்கத்துக்கு மாறாக முறியும் என்ற செய்திகளைப் படித்துவிட்டு நிறுத்துபவர்கள் பலர். அவை உண்மையே, ஆனால் மிக அரிதானவை. மருந்தால் தடுக்கப்படும் முறிவுகளோ பல மடங்கு. பல் பிடுங்குவது போன்ற வேலைகளை மருந்துக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்; தொடையில் தொடர்ந்து வலி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அலெண்ட்ரனேட்டை ஐந்து ஆண்டுகள் போட்ட பின் இடைவெளி விடலாமா என்று கேளுங்கள்.

45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் சிகிச்சை தமக்குப் பொருந்துமா என்பதை மகப்பேறு மருத்துவரிடம் தனியே பேச வேண்டும்.

மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டு ஆறு வாரத்தில் அவிழ்த்த பின், அதை ஒரு விபத்தாக மறந்துவிடுவதே நாம் செய்யும் மிகப் பெரிய பிழை. ஒருமுறை முறிந்தவருக்கு மறுமுறை முறியும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளில் மிக அதிகம். எலும்பு முறிவு மருத்துவர் முறிந்த எலும்பைச் சேர்த்துவிடுவார். அடுத்த எலும்பைப் பற்றிப் பெரும்பாலும் நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

முதியவர் விழுந்தபின் நிற்க முடியாமல், ஒரு கால் குறுகி வெளிப்புறம் திரும்பியிருந்தால் அது இடுப்பு முறிவாக இருக்கக்கூடும். நாட்டுக் கட்டுப் போடும் இடத்துக்குத் தூக்கிச் சென்று நாட்களை இழக்காதீர்கள். இந்த முறிவு கட்டினால் சேர்வதன்று, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டியது. வயதைக் காரணம் காட்டி அறுவையைத் தவிர்த்துப் படுக்கையில் விடுவதுதான் படுக்கைப்புண்ணுக்கும் நுரையீரல் தொற்றுக்கும் இட்டுச் செல்கிறது; இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். அறுவைக்கு மறுநாளே அவரை எழுந்து நிற்க வைக்க முயல்வார்கள். வலிக்கிறதே என்று வீட்டார் தடுக்க வேண்டாம். வீடு திரும்பிய பின் பிசியோதெரபிக்கு அழைத்துச் செல்ல இயலாதவர்கள், தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வரும் பிசியோதெரபி சேவையைப் பற்றி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். மருத்துவமனையிலிருந்து புறப்படும் நாளில் கையில் வாங்கும் சீட்டில் வலி மாத்திரையும் கால்சியமும் மட்டுமே இருந்தால், எலும்புப்புரைக்கான மருந்து எப்போது தொடங்கப்படும் என்று கேட்டு, அத்தேதியை அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.